பழைய காசும் விலைக் கையேடும்

நேயர்களுக்கு வணக்கம்.

மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஒரு தோட்டம் கைமாறி, லயத்தில் இருந்த குடும்பங்கள் தாமான் குடியிருப்பு வீட்டுக்கு மாறும்போதெல்லாம், அலமாரி மேலிருந்து ஒரு பழைய பிஸ்கட் டின் கீழே இறங்கும். உள்ளே சதுரமான ஒரு செண்டுக் காசு, ராஜா தலை போட்ட வெள்ளிக் காசு, ஜப்பான்காரன் அடித்த வாழைமர நோட்டு, இரண்டு மூன்று இந்திய ரூபாய். ரப்பர் மரத்தில் பால்வெட்டிச் சேர்த்த சில்லறையில் செலவாகாமல் தங்கியது அது. டின்னைத் திறந்ததும் வீட்டில் எழும் கேள்வி ஒன்றுதான்: "இதெல்லாம் எவ்வளவு போகும்?" காசுகளின் விலையைப் பட்டியலிட்டுச் சொல்லும் விலைக் கையேட்டை வைத்துக்கொண்டு இதற்கு எப்படிப் பதில் தேடுவது என்று இன்று பேச வந்திருக்கிறேன்.

இதில் ஏமாறுகிறவர்கள் இரண்டு வகை. கையேடே பார்க்காமல், வாசலுக்கு வந்தவரிடம் டின்னோடு தூக்கிக் கொடுத்துவிடுகிறவர்கள் ஒரு வகை. கைப்பேசியில் வந்த காணொளியைப் பார்த்துவிட்டு, ஒரு சென் காசுக்கு ஆயிரக்கணக்கில் ரிங்கிட் வரும் என்று காத்திருப்பவர்கள் இன்னொரு வகை. 1967-ல் வந்த நாடாளுமன்றக் கட்டடம் போட்ட ஒரு சென், கோடிக்கணக்கில் அடிக்கப்பட்ட காசு. 2008 ஏப்ரலில் கடைகளில் ஐந்து சென்னுக்கு முழுமைப்படுத்தத் தொடங்கியதும் அது புழக்கத்திலிருந்து விலகியது, அவ்வளவுதான். கண்ணில் படவில்லை என்பதால் அரிய காசு ஆகிவிடாது. வாழைமர நோட்டும் அப்படித்தான். ஜப்பான்காரன் கணக்கில்லாமல் அச்சடித்துத் தள்ளினான். இன்றும் கட்டுக்கட்டாகக் கிடைக்கிறது.

சரி, கையேடு என்றால் எது? உலகம் முழுக்கப் பெயர் வாங்கியது கிராஸ் பட்டியல். 1972-ல் முதல் பதிப்பு வந்தது. அதில் ஒவ்வொரு காசு வகைக்கும் கொடுத்த, கிராஸ், மிஷ்லர் என்ற இருவரின் பெயரிலிருந்து வந்த 'கேஎம்' எண்ணைத்தான் இன்றுவரை வியாபாரிகள் பேசுகிறார்கள். நம் மலாயாக் காசுகளுக்கு சரண் சிங் எழுதிய கலைக்களஞ்சியம் இருக்கிறது. கோலாலம்பூரில் அச்சான உள்ளூர் விலைப் பட்டியல்களும் உண்டு. இணையத்தில் நூமிஸ்டா என்ற காசுப் பட்டியல் தளம் இலவசம். என்னைக் கேட்டால், அடையாளம் காண நூமிஸ்டாவும், விலைக்கு உள்ளூர்ப் பட்டியலும் போதும். கிராஸில் விலை அமெரிக்க டாலரில் இருக்கும். அங்கே ஆர்வமில்லாத ஒரு மலாயாக் காசை இங்கே பத்துப் பேர் தேடிக்கொண்டிருக்கலாம்.

எந்தக் கையேடானாலும், அதில் அச்சாகியிருப்பது கடைக்காரர் சேகரிப்பாளருக்கு விற்கும் விலை. நீங்கள் கடைக்காரருக்கு விற்கப் போகிறீர்கள். அவருக்குக் கடை வாடகை உண்டு. வாங்கிய காசு விற்காமல் மாதக்கணக்கில் கிடக்கவும் கூடும். அதனால் பட்டியல் விலையில் பாதியோ, அதற்குச் சற்று மேலோ கேட்பார். அது ஏமாற்று இல்லை. பத்தில் ஒரு பங்கு கேட்டால்தான் டின்னை மூடிக்கொண்டு வர வேண்டும்.

அடுத்து, ஒரு காசுக்கு எதிரே நாலைந்து விலை இருக்கும். ஃபைன், வெரி ஃபைன், எக்ஸ்ட்ரா ஃபைன், அன்சர்குலேட்டட் என்று கீழிருந்து மேலாகத் தரம் பிரித்திருப்பார்கள். நம்மவர்கள் விரல் நேராகக் கடைசிப் பத்திக்குத்தான் போகும். அந்தப் பத்தி, அச்சடித்த நாளிலிருந்து எந்தச் சட்டைப் பையிலும் சிக்காத காசுக்கு உரியது. கங்காணி கையிலிருந்து கடைக்கு, கடையிலிருந்து கள்ளுக்கடைக்கு என்று சுற்றி வந்த காசுக்கு அந்த விலை கிடைக்காது.

ஒரு காசைக் கையில் எடுத்துப் பார்ப்போம். ஜார்ஜ் ஆறாவது மன்னர் தலை போட்ட சதுர ஒரு செண்டு, 1941. விளிம்பை இரண்டு விரலால் பிடித்து, மேசை விளக்கின் கீழே மெதுவாகச் சாய்த்துத் திருப்புங்கள். காசு முதலில் தேய்வது மேடான இடங்களில்தான். மன்னரின் புருவத்தைப் பாருங்கள், காதுக்கு மேலே உள்ள முடியைப் பாருங்கள், பிறகு கிரீடத்தின் பட்டையில் உள்ள மணிகளைப் பாருங்கள். முடி இழை இழையாகத் தெரிந்து, மணிகள் தனித்தனியாக நின்றால் மேல் பத்திகளைப் பார்க்கலாம். முடி ஒரே வழுவழுப்பாகி, கிரீடம் வெறும் கோடாகியிருந்தால் ஃபைன் பத்தியோ அதற்கும் கீழேயோ. மேட்டில் மட்டும் லேசாக நிறம் மாறியிருந்தாலும் அது புழங்கிய காசுதான். நம் காசுக்கு நாமே தரம் சொல்லும்போது பாசம் குறுக்கே வரும். ஆகவே ஒரு படி குறைத்தே வைத்துக்கொள்ளுங்கள்.

அதோடு ஆண்டையும் பாருங்கள். 1943, 1945 என்று போட்ட சதுரச் செண்டு, 1939 முதல் 1941 வரையுள்ளதைவிட எடை குறைவு. யுத்த காலத்தில் உலோகத்தை மிச்சம் பிடித்து அடித்தார்கள். 1943 என்று போட்டிருக்கும்போது நாடு ஜப்பானியர் கையில் இருந்தது. அந்தக் காசு நம் மக்கள் கைக்கு வந்தது யுத்தம் முடிந்த பிறகுதான். இந்தக் கதை என்னை ஒவ்வொரு முறையும் உலுக்கும். ஆனால் கதைக்காக விலை ஏறாது. நிறைய அடித்த காசு அது.

விலைப் பத்தியைவிட நான் அதிகம் நம்புவது கையேட்டின் எடைப் பத்தியைத்தான். விலை மாறும், எடை மாறாது. 1903-ல் வந்த நீரிணைக் குடியேற்ற (பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் பகுதி) டாலர், தொண்ணூறு விழுக்காடு வெள்ளி, 26.95 கிராம். 1907-ல் அதே டாலரைச் சிறிதாக்கி 20.21 கிராமுக்குக் கொண்டு வந்தார்கள். 1903 என்று ஆண்டு போட்டிருந்து, நகைக்கடைத் தராசில் 22 கிராம் காட்டினால் அது போலி. புத்தகம் பார்க்க வேண்டிய அவசியம் அங்கேயே முடிந்தது. இந்தப் பெரிய டாலரில் போலிகள் தாராளமாக உலவுவதால், எடை பார்க்காமல் யாரும் விலை பேசக் கூடாது.

வெள்ளிக் காசில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. 1939-ஆம் ஆண்டு மலாயா இருபது செண்டு 5.43 கிராம்; அதில் முக்கால் பங்கு வெள்ளி. அதாவது நாலு கிராமுக்குச் சற்று மேல். அதே இருபது செண்டு 1943, 1945 ஆண்டுகளில் பாதி வெள்ளியாகக் குறைந்தது. 1948 முதல் வெள்ளியே இல்லை, செம்பும் நிக்கலும் கலந்தது. வெள்ளி விலை ஏறிக்கொண்டு போனால், பத்து வருடம் பழைய கையேட்டில் வெள்ளிக் காசுக்கு உள்ள விலை இன்றைய உலோக மதிப்பைவிடக் குறைவாகக்கூட இருக்கும். விற்கும் நாளின் வெள்ளி விலையை விசாரித்து, காசில் உள்ள வெள்ளியின் எடையால் பெருக்கி, அதற்குக் கீழே போகாதீர்கள்.

தங்கை சீர்வரிசைக்காகக் கொக்கி பற்றவைத்த காசும், மாலையில் கோக்கத் துளை போட்ட காசும் பல வீடுகளில் உண்டு. அவற்றுக்கு எந்தத் தரப் பத்தியும் பொருந்தாது. பெரும்பாலும் உலோக விலைதான். விற்காமல் வைத்துக்கொள்வதே நல்லது என்பேன்.

சின்ன எழுத்தையும் விட்டுவிடாதீர்கள். மலாயா - பிரிட்டிஷ் போர்னியோ பத்துச் செண்டுக் காசில் 1957-ல் 'எச்' என்று ஒன்று, 'கேஎன்' என்று ஒன்று. பர்மிங்ஹாமில் இருந்த ஹீட்டன், கிங்ஸ் நார்ட்டன் ஆலைகளின் அடையாளம் அவை. ஒரே ஆண்டு, ஒரே தலை. பட்டியலில் இரண்டும் தனித்தனி வரி. உருப்பெருக்கிக் கண்ணாடி இல்லாமல் வரியைத் தேர்ந்தெடுத்தால் தவறான விலையைப் படிப்பீர்கள்.

இப்போது எனக்கு மனம் நோகிற விஷயத்துக்கு வருகிறேன். தீபாவளிக்கு முந்தின வாரம் குத்துவிளக்கைப் புளி போட்டு விளக்குவோம். அந்தப் புளியிலேயே செம்புக் காசையும் போட்டுத் தேய்த்துப் பளபளவென்று ஆக்கிவிடுகிறோம். பார்க்கப் புதிதாகத் தெரியும். ஆனால் வருடக்கணக்கில் ஏறிய பழுப்பு நிறம் போய், மேல்தோலே உரிந்துவிடுகிறது. கையேட்டில் உள்ள எல்லா விலையும் தேய்க்காத காசுக்கு. தேய்த்த காசு பாதி விலைக்கும் கீழே இறங்கும். சில வியாபாரிகள் தொடவே மாட்டார்கள். புளி வேண்டாம், எலுமிச்சை வேண்டாம், பித்தளை பாலிஷ் வேண்டாம். மண் ஒட்டியிருந்தால் சுத்தமான தண்ணீரில் ஊறவைத்து, தேய்க்காமல், பஞ்சுத் துணியில் ஒற்றி எடுங்கள். பிசுபிசுக்கும் பிளாஸ்டிக் ஆல்பமும் வேண்டாம். நம் ஈரக் காற்றில் காசு பச்சை பிடிக்கும்.

இணையத்தில் விலை பார்ப்பவர்களுக்கு ஒரு சொல். ஒருவர் ஐந்நூறு ரிங்கிட் என்று போட்டிருப்பது அவருடைய ஆசை. விற்று முடிந்த விலையைத் தேடுங்கள். ஏல நிறுவனங்கள் பழைய ஏல முடிவுகளை வெளியிடுகின்றன. அதில்கூட வாங்கியவர் கட்டிய கமிஷன் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். விற்றவர் கைக்குப் போனது அதைவிடக் குறைவு. பிசிஜிஎஸ், என்ஜிசி போன்ற நிறுவனங்கள் தரம் பார்த்து உறையிட்ட காசின் விலையையும் உங்கள் டின்னில் கிடக்கும் காசின் விலையையும் சேர்த்துக் குழப்பக் கூடாது. சாதாரணக் காசை அனுப்பித் தரம் பார்க்க வைத்தால் கட்டணமே காசின் விலையைத் தாண்டிவிடும்.

முழு டின்னையும் மதிப்பிடுவது எப்படி? பெரும்பாலான டின்களில் நூற்றுக்குத் தொண்ணூறு காசு சாதாரணம்தான். கையேட்டின் உண்மையான வேலை, மீதியைப் பிரித்துக் காட்டுவது. 1971-ஆம் ஆண்டு பத்து சென் மாதிரி குறைவாக அடித்த ஒன்று, சின்னக் காசுகளின் கூட்டத்தில் ஒளிந்திருக்கும். வெள்ளி தனி, குறைவாக அடித்த ஆண்டுகள் தனி, மீதி தனி என்று மூன்று குவியலாக்குங்கள். விலை பேசுவது முதல் இரண்டு குவியலுக்கு மட்டும். வாங்க வந்தவர் மொத்தமாக ஒரு தொகை சொன்னால், "அண்ணே, இந்தக் காசுக்கு எவ்வளவு, அந்தக் காசுக்கு எவ்வளவு?" என்று தனித்தனியாகக் கேளுங்கள். வயதான அம்மாவை இந்தப் பேரத்துக்குத் தனியாக அனுப்பாதீர்கள்.

அண்ணன் தம்பிக்குள் பங்கு பிரிப்பதற்கும் இதே கையேடு உதவும். ஒரே பதிப்பு, ஒரே தரப் பத்தி என்று முதலில் ஒத்துக்கொண்டால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும்.

கடைசியாக ஒரு வேலை. ஒரு நோட்டுப் புத்தகத்தில் ஒவ்வொரு காசுக்கும் நாடு, ஆண்டு, எழுத்து, எடை, உங்கள் கணக்கில் என்ன தரம் என்பதைப் பேனாவில் எழுதுங்கள். அது யாரிடமிருந்து வந்தது என்பதையும் எழுதுங்கள். அப்பாயி எந்தத் தோட்டத்தில் வேலை செய்தார் என்பது உட்பட. விலையை மட்டும் பென்சிலில் எழுதி, பக்கத்தில் கையேட்டின் பெயரையும் பார்த்த தேதியையும் போடுங்கள். அடுத்த முறை பார்க்கும்போது அதை அழித்துத்தான் எழுத வேண்டியிருக்கும்.

நன்றி, வணக்கம்.