எந்தத் தடியனும் போதாது

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம். நேரம் குறைவு, நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

மௌனப் பட நகைச்சுவையைத் தூக்கி நிறுத்தியவர் துணை நடிகரே என்பது எங்கள் அணி. எதிரணித் தலைவர் கேட்டார்: “சாப்ளினிடம் மாட்டிக்கொண்டு முழிக்க ஒரு தடியன் வேண்டும். அது எந்தத் தடியனாக இருந்தால் என்ன?” நீங்களும் கை தட்டினீர்கள். சரி, பதிலைச் சாப்ளினிடமே கேட்போம்.

1917-இல் வந்த சாப்ளின் படம் ‘தி இமிக்ரண்ட்’. கப்பலில் வந்து இறங்கிய ஏழை ஒருவன், அதுதான் சாப்ளின், தெருவில் ஒரு காசைக் கண்டெடுக்கிறான். நேரே ஓட்டலுக்குள் போய் ஒரு தட்டு பீன்ஸ் சாப்பிடுகிறான். அந்தப் பக்கம் ஒரு மனுஷனை சர்வர்கள் கூடித் துவைத்து எடுக்கிறார்கள். அடி என்றால் அப்படி அடி! என்ன குற்றம் ஐயா? பில்லில் 10 சென்ட் குறைந்ததாம்! நம் ஆள் மெதுவாகத் தன் பையைத் தடவுகிறான். பையில் ஓட்டை. காசைக் காணோம். நிமிர்ந்து பார்த்தால் எதிரே சர்வர்!

அந்த சர்வர் வேடத்தில் சாப்ளின் முதலில் யாரை வைத்து எடுத்தார் தெரியுமா? ஹென்றி பெர்க்மனை. நல்ல பருத்த உடம்பு. பிற்காலம் வரை சாப்ளினோடு இருந்த நடிகர். எதிரணித் தலைவர் கேட்ட தடியன் அவர்தான்! ஆனால் காட்சி எடுபடவில்லை. அந்த முகத்தைப் பார்த்தால் யாருக்குப் பயம் வரும்? எடுத்ததை ஒதுக்கிவிட்டு எரிக் காம்ப்பெலைப் போட்டு மறுபடி எடுத்தார் சாப்ளின்.

காம்ப்பெல் வந்தார். ஆறடிக்கு மேல் உயரம், தடித்த புருவம். சாப்ளின் எப்படியோ தேற்றிக் கொடுத்த காசை வாங்கி, பல்லில் வைத்துக் கடிக்கிறார். காசு வளைகிறது. போலிக் காசு! அந்த ஒரு கடிக்குச் சாப்ளின் முகம் போகிற போக்கைப் பாருங்கள். அந்தச் சிரிப்பில் பாதி கடித்தவருக்குச் சொந்தம் இல்லையா? மியூச்சுவல் என்ற படக் கம்பெனிக்குச் சாப்ளின் எடுத்த 12 படங்களில் 11-இல் காம்ப்பெல் இருக்கிறார். தெரியாமலா கூப்பிட்டார்?

அப்புறம் நடந்ததையும் கேளுங்கள். ‘தி இமிக்ரண்ட்’ வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, காம்ப்பெலின் மனைவி இறந்துபோனார். துக்கத்துக்கு உடை வாங்கப் போன மகள் மீது கார் மோதிப் பலத்த காயம். அதே ஆண்டு டிசம்பர் 20-இல் லாஸ் ஏஞ்சல்ஸில் கார் விபத்தில் அவரும் போய்விட்டார். வயது 37. ஊரையே சிரிக்க வைத்த மனிதரின் சாம்பலைக் கேட்டு வாங்க ஆளில்லை. 1952-இல்தான் அடக்கம் செய்தார்கள். முப்பத்தைந்து வருடம் ஐயா, முப்பத்தைந்து வருடம்!

நடுவர் அவர்களே, தீர்ப்பை உங்களிடம் விடுகிறேன். அவையோரே, உங்களிடம் கேட்பது ஒரே ஒரு கைதட்டல். எனக்கு வேண்டாம், எரிக் காம்ப்பெலுக்குத் தட்டுங்கள். நன்றி.