கொடும்பாவி தொங்கிய வாசல்

அனைவருக்கும் வணக்கம். மாலை நேரம் மைதானத்தை விட்டுவிட்டு இங்கே வந்து உட்கார்ந்திருக்கும் கோச்சுகளுக்குத் தனியாக ஒரு வணக்கம்.

அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தின் பெரிய பயிற்சியாளர்களைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். எத்தனை வெற்றி, எத்தனை பட்டம் என்று வாசித்துவிட்டு உட்கார்ந்துவிடலாம், சுலபமான வேலை. நான் ஒரு தோல்வியிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

1965 ஜனவரி. வட கரோலினா பல்கலைக்கழக அணி வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகத்திடம் செமத்தியாகத் தோற்றுவிட்டு ராத்திரி பஸ்ஸில் ஊர் திரும்புகிறது. பஸ் வந்து நிற்கிற உடற்பயிற்சிக் கூடத்தின் வாசலில் ஒரு கொடும்பாவி தொங்குகிறது. யாருடையது என்று கேட்கவே வேண்டாம். பஸ்ஸின் உள்ளே இருக்கிற கோச்சுடையதுதான். கட்டியவர்கள் வேறு ஊர்க்காரர்கள் இல்லை, சொந்த மாணவர்கள். பில்லி கன்னிங்ஹாம் என்ற வீரர் இறங்கிப் போய் அதைப் பிய்த்து எறிந்தார்.

அந்த கோச்சின் பெயர் டீன் ஸ்மித். வயது 33, அவருக்கு அது நான்காவது சீசன். முதல் சீசனில் 8 வெற்றி, 9 தோல்வி. அவரை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பியிருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். பல்கலைக்கழகம் அனுப்பவில்லை. சாம்பியன் பட்டம் 1982-ல்தான் வந்தது. அவருக்கு அது 21-வது சீசன். ஜார்ஜ்டவுனுடன் இறுதி ஆட்டம், 63-62. முடிய சில விநாடிகள் இருக்கும்போது கூடையைப் போட்டவர் முதலாண்டு மாணவர் ஒருவர். பெயர் மைக்கேல் ஜோர்டன். 1997-ல் ஸ்மித் ஓய்வு பெற்றபோது 879 வெற்றிகள். ஆண்கள் கல்லூரிக் கூடைப்பந்தில் அதுவரை யாரும் அந்த எண்ணை எட்டியதில்லை.

சரி, இவர் ஒருவர்தான் இப்படியா என்றால், எல்லோருக்கும் பெரியவரையே பார்ப்போமே. ஜான் வுடன். யூசிஎல்ஏ பல்கலைக்கழகத்தில் 12 ஆண்டுகளில் 10 தேசியப் பட்டம், அதில் ஏழு தொடர்ச்சியாக. 1971 முதல் 1974 வரை 88 ஆட்டங்கள் தோல்வியே இல்லை. இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். அந்த முதல் பட்டம் எப்போது வந்தது என்று பலருக்குத் தெரியாது. 1964-ல். அவர் அங்கே சேர்ந்தது 1948-ல். பதினாறாவது சீசன்!

அந்தப் பதினாறு ஆண்டும் அவர் என்ன செய்துகொண்டிருந்தார்? பயிற்சிக்கூடத்தைப் பெருக்கிக்கொண்டிருந்தார், நிஜமாகவே. பக்கத்தில் மல்யுத்தக்காரர்களும் ஜிம்னாஸ்டிக்ஸ்காரர்களும் பழகும் பொதுக்கூடம் அது, ஒரே தூசி. பயிற்சிக்கு முன்னால் உதவியாளர் பையன்களோடு சேர்ந்து அவரும் தரையைத் துடைப்பார். உண்மையில் அவர் ஆசைப்பட்டது மின்னசோட்டா வேலைக்கு. பனிப்புயலில் தொலைபேசிக் கம்பிகள் அறுந்து, அங்கிருந்து வர வேண்டிய அழைப்பு நேரத்துக்கு வரவில்லை. அவர்களுக்கு விருப்பமில்லை போலும் என்று நினைத்து யூசிஎல்ஏவுக்குச் சரி சொல்லிவிட்டார். அப்புறம் மின்னசோட்டாவிலிருந்து போன் வந்தது. கொடுத்த வாக்கை மாற்ற மாட்டேன் என்று சொல்லிவிட்டார். வுடன் தானே பின்னாளில் பலமுறை சொன்ன கதை இது.

வுடன் முதலில் பள்ளிக்கூடத்தில் ஆங்கில வாத்தியார். அந்த வாத்தியார் கடைசிவரை அவரை விட்டுப் போகவில்லை. சீசனின் முதல் நாள் பயிற்சியில் அவர் பந்தைத் தொட விடமாட்டார், காலுறை எப்படிப் போடுவது என்று சொல்லிக்கொடுப்பார். நாட்டின் மிகச் சிறந்த இளம் வீரர்கள், ஏழடி உயரப் பையன்கள், வட்டமாக உட்கார்ந்து காலுறை போடப் பழகுவார்கள். விரலிடுக்கிலும் குதிகாலிலும் ஒரு சுருக்கம்கூட இருக்கக் கூடாது. சுருக்கம் இருந்தால் கொப்புளம் வரும், கொப்புளம் வந்தால் பயிற்சி போச்சு, பயிற்சி போனால் ஆட்டம் போச்சு. இங்கே இருக்கிற கோச்சுகளில் எத்தனை பேர் மாணவர்களின் காலுறையைப் பார்த்திருக்கிறீர்கள்? கை தூக்க வேண்டாம், சும்மா கேட்டேன்.

வுடனைப் பற்றி எனக்கு இதையெல்லாம்விடப் பெரிதாகத் தோன்றுவது 1947-ல் நடந்த ஒன்று. அப்போது அவர் இந்தியானாவில் ஒரு சிறிய ஆசிரியர் கல்லூரியின் கோச். அணிக்கு ஒரு தேசியப் போட்டியிலிருந்து அழைப்பு வருகிறது. ஆனால் கறுப்பின வீரர்களுக்கு அங்கே அனுமதி இல்லை. அணியில் கிளாரன்ஸ் வாக்கர் என்று ஒரே ஒரு கறுப்பின மாணவர், அவரும் மாற்று ஆட்டக்காரர்தான். அவரை விட்டுவிட்டுப் போயிருக்கலாம். வுடன் போகவில்லை, அழைப்பையே மறுத்துவிட்டார். அடுத்த ஆண்டு விதி மாறியது, வாக்கரோடு போனார்கள். இறுதி ஆட்டத்தில் தோற்றார்கள். தோற்றால் என்ன?

அவரைத் தெய்வமாக்கவும் நான் தயாரில்லை. யூசிஎல்ஏ வீரர்களைச் சுற்றி சாம் கில்பர்ட் என்ற பணக்கார ரசிகர் ஒருவர் இருந்தார். விதிக்குப் புறம்பான உதவிகள் செய்தார். வுடன் ஓய்வு பெற்ற பிறகு, 1981-ல், பல்கலைக்கழகம் அதற்காகத் தண்டிக்கப்பட்டது. தன் காலத்தில் வுடன் கண்டும் காணாமல் இருந்தாரா என்ற கேள்வி இன்னும் முடியவில்லை.

டியூக் பல்கலைக்கழகத்தின் மைக் ஷஷெவ்ஸ்கியை ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுகிறேன். பெயரைச் சொல்ல நாக்கு சுளுக்கிக்கொள்ளும் என்பதால் அமெரிக்கர்களே ‘கோச் கே’ என்றுதான் சொல்கிறார்கள். முதல் மூன்று சீசனில் 38 வெற்றி, 47 தோல்வி. ஆளை மாற்று என்று பணம் கொடுக்கிற ரசிகர்கள் கூச்சல் போட்டார்கள். விளையாட்டு இயக்குநர் டாம் பட்டர்ஸ் ஆளை மாற்றவில்லை, ஒப்பந்தத்தை நீட்டித்தார்! முதல் பட்டம் 1991-ல், பதினோராவது சீசனில். 2022-ல் விடைபெற்றபோது 1202 வெற்றி, ஐந்து பட்டம்.

காத்திருந்தால் எல்லாம் நன்றாக முடியும் என்று சொல்ல வருகிறேன் என்று நினைக்காதீர்கள். அதே கோச் கே ராணுவக் கல்லூரியில் மாணவராக யாரிடம் பயிற்சி பெற்றார் தெரியுமா? பாப் நைட்டிடம். நைட் பின்னாளில் இந்தியானா பல்கலைக்கழகத்தில் மூன்று பட்டம் வென்றவர். 1976-ல் ஒரு ஆட்டம்கூடத் தோற்காமல் 32-0. மகா மூளைக்காரர். 1985-ல் நடுவர் மேல் கோபம் வந்து ஆட்டக்களத்தின் குறுக்கே நாற்காலியை எறிந்தார். ஊர் சிரித்தது, சிரிப்பு நிறைய பேருக்குப் பிடித்தும் இருந்தது. பயிற்சியில் ஒரு வீரரின் கழுத்தில் கை வைத்த வீடியோ 2000-ல் வெளிவந்தது. அதற்கும் கடைசி எச்சரிக்கை மட்டுமே. சில மாதங்களில் ஒரு மாணவரின் கையைப் பிடித்து இழுத்த விவகாரத்தில்தான் வேலை போனது. அவர் அங்கே இருந்தது 29 ஆண்டுகள். ஸ்மித்துக்கும் கேவுக்கும் தோற்பதற்கு அவகாசம் கொடுத்தார்கள். நைட் ஜெயித்துக்கொண்டிருந்ததால் திட்டுவதற்கும் அடிப்பதற்கும் அவகாசம் கொடுத்தார்கள். இரண்டையும் நான் ஒன்றாக எண்ணத் தயாரில்லை.

இப்போது எனக்கு மிகவும் பிடித்தவரிடம் வருகிறேன். பாட் சம்மிட். டென்னசி மாநிலத்துப் பண்ணை வீட்டுப் பெண், வைக்கோல் கட்டு சுமந்து வளர்ந்தவர். 1974-ல் டென்னசி பல்கலைக்கழகப் பெண்கள் அணிக்குத் தலைமைப் பயிற்சியாளர் ஆனபோது வயது 22. சம்பளம் மாதம் 250 டாலர். சீருடை துவைப்பது அவர், வேன் ஓட்டுவது அவர். டோனட் விற்ற காசில்தான் சீருடையே வாங்கினார்கள். முதல் ஆட்டம் மெர்சர் கல்லூரியுடன், ஒரு புள்ளியில் தோல்வி, 84-83. அவருக்கு யாரும் கொடும்பாவி கட்டவில்லை. கட்டுவதற்குப் பார்க்க ஆள் வந்திருக்க வேண்டுமே! கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் அமைப்பான என்சிஏஏ பெண்களுக்கு நடத்தும் தேசியப் போட்டியே 1982-ல்தான் ஆரம்பித்தது.

1976 ஒலிம்பிக்கில் ஆட்டக்காரராக வெள்ளி, 1984-ல் பயிற்சியாளராகத் தங்கம். டென்னசியில் எட்டுப் பட்டம், 1098 வெற்றி. முழுக்காலமும் அவரிடம் ஆடி முடித்த பெண்கள் அத்தனை பேரும் படித்துக் கல்லூரிப் பட்டமும் வாங்கினார்கள்.

1990-ல் நிறைமாதக் கர்ப்பிணியாக, ஒரு பள்ளி மாணவியைத் தன் அணிக்கு அழைக்கப் பென்சில்வேனியாவுக்கு விமானத்தில் போனார். அந்த வீட்டில் இருக்கும்போதே பிரசவ வலி. திரும்பும் வழியில் விமானி வர்ஜீனியாவில் இறக்கட்டுமா என்று கேட்டார். அந்த ஆண்டுதான் வர்ஜீனியா அணி இவர்களைத் தோற்கடித்திருந்தது. அங்கே வேண்டாம் என்றுவிட்டார்! மகன் டென்னசியில்தான் பிறந்தான். அந்த மாணவி மிஷெல் மார்சினியாக் முதலில் வேறு கல்லூரியில் சேர்ந்து, பிறகு இவரிடமே வந்து, 1996-ல் பட்டம் வாங்கிக்கொடுத்தார்.

2011-ல், 59 வயதில், சம்மிட்டுக்கு அல்சைமர் என்று தெரிந்தது. மறைக்காமல் ஊருக்குச் சொல்லிவிட்டு இன்னும் ஒரு சீசன் பயிற்சி கொடுத்தார். 2016-ல் 64 வயதில் இறந்தார்.

டீன் ஸ்மித்துக்கும் கடைசி ஆண்டுகளில் ஞாபகம் போய்விட்டது. எந்தக் காலத்து ஆட்டக்காரர் வந்தாலும் வீட்டில் எல்லோர் பெயரையும் சொல்லி விசாரிப்பார் என்று பேர் வாங்கியவர் அவர். 2015 பிப்ரவரியில் இறந்தார். அடுத்த மாதம் அவருடைய பழைய வீரர்கள் சுமார் 180 பேருக்குத் தபாலில் ஒரு உறை வந்தது. உயிலில் எழுதிவைத்திருந்தபடி, ஆளுக்கு 200 டாலர் காசோலை. நட்சத்திரமாக ஆடியவருக்கும் பெரும்பாலும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவருக்கும் அதே தொகை. வெளியே போய் ஒரு வேளை நன்றாகச் சாப்பிட்டுவிட்டு வாருங்கள், செலவு கோச்சுடையது என்று கூடவே ஒரு குறிப்பு.

வணக்கம்.