கிணற்றுத் தண்ணீரும் யுரேனியமும்

வணக்கம் நேயர்களே. புதிதாகக் குழாய்க்கிணறு அடித்த வீட்டுக்குப் போனால் நாம் முதலில் கேட்பது, தண்ணீர் சவரா நல்ல தண்ணீரா என்றுதான். ஒரு மிடறு குடித்துவிட்டுத் தீர்ப்பும் சொல்லிவிடுவோம். யுரேனியத்தை அப்படிப் பிடிக்க முடியாது. குடிநீரில் அதற்கு நிறமில்லை, மணமில்லை, ருசியும் இல்லை.

யுரேனியம் என்றதும் குண்டு, அணு உலை என்று நினைப்பு ஓடும், போர் நடந்த மண்ணில் வேகமாகவே ஓடும். ஆனால் உலகத்தில் அநேகமான கிணறுகளுக்கு அது வருவது கல்லில் இருந்துதான். வவுனியாப் பக்கம் கிணறு வெட்டியவர்களுக்குக் கருங்கல்லைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. மழைத்தண்ணீர் மண்ணுக்குள் காபனீரொட்சைட்டைச் சேர்த்துக்கொண்டு இறங்கி, கல்வெடிப்புகளில் நெடுங்காலம் கிடந்து, கல்லில் உள்ளதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கிறது.

பின்லாந்தைப் பாருங்கள், இதை நான் எங்கே போனாலும் சொல்வேன். அங்கே கருங்கல்லைத் துளைத்து அடித்த வீட்டுக் கிணறுகள் சிலவற்றில் லீற்றருக்கு 1000 மைக்ரோகிராமுக்கும் மேலே இருந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டி அளவு 30. அங்கே கருங்கல் கிணற்றுத் தண்ணீரைக் குடித்த 325 பேரைச் சோதித்து 2002-இல் வெளியிட்ட ஆய்வில், தண்ணீரில் யுரேனியம் கூடக் கூட, சிறுநீரோடு கல்சியம் வெளியேறுவதும் கூடியது தெரிந்தது. கல்சியத்தைப் பிடித்து உடம்புக்குத் திருப்பிக் கொடுப்பது சிறுநீரகத்தின் வேலை. கதிர்வீச்சை விட, ஒரு உலோகமாக அது சிறுநீரகத்துக்குச் செய்வதுதான் முதல் கவலை. நம் பக்கத்தில் காரணம் சரியாகத் தெரியாமல் பலரைப் பிடித்திருக்கிற சிறுநீரக நோய்க்கு இதுதான் காரணம் என்று நான் சொல்லவே இல்லை, அது இன்னும் விவாதத்தில் இருக்கிற விஷயம்.

சரி, மனிதர் கை? சுரங்கக் கழிவு, நிலக்கரிச் சாம்பல், அப்புறம் பொஸ்பேற்றுப் பசளை. ரி.எஸ்.பி. என்கிற பொஸ்பேற்றுப் பசளையைச் செய்கிற பாறையிலேயே யுரேனியம் உண்டு. யூரியா வேறு வழியால் வருகிறது: அது மண்ணில் நைத்திரேற்றாகி நிலத்தடிக்கு இறங்கினால், கல்லில் கரையாமல் கிடந்த யுரேனியத்தையும் கரைய வைக்கும். அதனால் கல்லா பசளையா என்று பிரித்துப் பேசுவது எனக்குப் பிடிக்காது, இரண்டும் சேர்ந்தே வேலை செய்யும்.

நேரம் முடிகிறது என்று கை காட்டுகிறார்கள், இதை மட்டும் சொல்லிவிடுகிறேன். கொதிக்க வைத்தால் யுரேனியம் போகாது, தண்ணீர் வற்ற வற்றச் செறிவு கூடும். ஆர்.ஓ. வடிகட்டி நீக்கும், ஆனால் அதில் கழிந்து வருகிற தண்ணீரைக் கிணற்றடியில் விடாதீர்கள். ஆய்வுகூடத்துக்குக் கொடுக்கும்போது யுரேனியத்தையும் பாருங்கள் என்று கேட்டே கொடுங்கள், வழக்கமான சோதனையில் அது வராது. நன்றி, வணக்கம்.