ஒரே நீதிபதி, இரண்டு ஜூன் 26

அவைக்கு வணக்கம்.

மாநில உரிமை என்று மேடையில் ஒருவர் சொன்னாலே நம் கைகள் தாமாகத் தட்டத் தொடங்கிவிடும். நமக்கு அதற்கான வரலாறு இருக்கிறது. இன்று நான் பேசவிருப்பது அமெரிக்காவில் தன்பாலினத் திருமணம் உரிமையான கதை. இதில் எந்த இடத்தில் கைதட்டுவது என்பதை நீங்கள் சற்று நிதானித்தே முடிவு செய்ய வேண்டும்.

நம் நாட்டில் திருமணம் பொதுப்பட்டியலில் இருக்கிறது. அமெரிக்காவில் அது மாநிலத்தின் பொறுப்பு. திருமண வயது, மணவிலக்குக்கான விதிகள், யார் யாரை மணக்கலாம் என்பதெல்லாம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். 1993இல் ஹவாய் மாநில உச்ச நீதிமன்றம் தன்பாலினத் திருமணத் தடையைக் கேள்விக்கு உள்ளாக்கியதும் வாஷிங்டன் பதறியது. 1996இல் 'திருமணப் பாதுகாப்புச் சட்டம்' வந்தது. கீழவையில் 342 பேர் ஆதரவு, 67 பேர் எதிர்ப்பு. மேலவையில் 85க்கு 14. கையெழுத்திட்டவர் ஜனநாயகக் கட்சியின் கிளின்டன்தான் என்பதை இன்று அக்கட்சிக்காரர்கள் அதிகம் நினைவுபடுத்துவதில்லை.

அந்தச் சட்டத்தின் ஒரு பிரிவு, வேறு மாநிலத்தில் நடந்த தன்பாலினத் திருமணத்தை ஏற்க வேண்டியதில்லை என்று மாநிலங்களுக்குச் சலுகை தந்தது. அடுத்த பிரிவு, மாநிலமே ஏற்றுக்கொண்டாலும் மத்திய அரசு ஏற்காது என்றது. அதாவது, மறுக்கிற மாநிலத்துக்கு மட்டும்தான் உரிமை!

நியூயார்க்கைச் சேர்ந்த எடித் வின்ட்சரும் தியா ஸ்பையரும் பல பத்தாண்டுகள் சேர்ந்து வாழ்ந்து, 2007இல் கனடாவில் மணம் முடித்தவர்கள். 2009இல் தியா இறந்தார். நியூயார்க் அவர்களைத் தம்பதியராகவே கருதியது. மத்திய வரித்துறைக்கோ எடித் யாரோ ஒரு அந்நியர். கணவனை இழந்த மனைவி கட்டத் தேவையில்லாத எஸ்டேட் வரியை, அதாவது இறந்தவர் விட்டுச்சென்ற சொத்தின் மீதான வரியை, அவர் கட்ட நேர்ந்தது: 3,63,053 டாலர். வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றது. 2013 ஜூன் 26 அன்று, ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில், மத்திய அரசு ஏற்காது என்ற அந்தப் பிரிவு வீழ்ந்தது.

தீர்ப்பை எழுதியவர் நீதிபதி அந்தோணி கென்னடி. திருமணத்தை வரையறுப்பது காலங்காலமாக மாநிலங்களின் அதிகாரம் என்று பக்கம் பக்கமாக எழுதினார். மாநில உரிமைக்காரர்கள் மகிழ்ந்திருக்க வேண்டிய தீர்ப்பு. ஆனால் ஓரிடத்தில், மாநிலத்தின் திருமணச் சட்டமும் குடிமக்களின் அரசியலமைப்பு உரிமைகளை மதிக்க வேண்டும் என்று சொல்லி, கலப்பினத் திருமணத் தடையை ஒழித்த 1967ஆம் ஆண்டுத் தீர்ப்பைச் சுட்டிக்காட்டினார். அதன் பொருளை முதலில் உரக்கச் சொன்னவர் எதிரணியில் இருந்த நீதிபதி ஸ்காலியா. இதே வாதம் நாளை மாநிலத் தடைகளையும் வீழ்த்தும் என்று தம் மாறுபட்ட தீர்ப்பில் எச்சரித்தார். அந்த ஆண்டு டிசம்பரில் யூட்டா மாநிலத் தடையை நீக்கிய மத்திய நீதிபதி, ஸ்காலியா சொன்னது சரிதான் என்றே எழுதிவிட்டார்!

ஒஹையோவின் ஜிம் ஓபர்கஃபெல்லும் ஜான் ஆர்தரும் அடுத்து வந்தார்கள். ஆர்தர் நரம்புநோயால் படுக்கையில் கிடந்தார். சொந்த மாநிலத்தில் மணக்க முடியாது என்பதால் மருத்துவ விமானத்தில் மேரிலாந்துக்குப் பறந்து, ஓடுதளத்தில் நின்ற விமானத்துக்குள்ளேயே மணந்து திரும்பினார்கள். ஆர்தரின் இறப்புச் சான்றிதழில் கணவர் என்று ஜிம்மின் பெயர் இருக்குமா என்பதுதான் வழக்கு. 2014 நவம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் மாநிலங்களின் பக்கம் நின்றது. இதை வாக்காளர்கள் தீர்த்துக்கொள்ளட்டும் என்றது. 2015 ஜூன் 26 அன்று அதே கென்னடி, அதே ஐந்து வாக்குகளோடு, எந்த மாநிலமும் மறுக்க முடியாது என்று தீர்ப்பளித்தார். கொண்டாடுங்கள், ஆனால் இதற்கும் அரசியலமைப்புக்கும் சம்பந்தமில்லை என்று தலைமை நீதிபதி ராபர்ட்ஸ் எதிர்த்து எழுதினார்.

கென்னடி முரண்பட்டாரா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. குடிமகனின் உரிமையை மாநிலம் விரிக்கும்போது டெல்லியோ வாஷிங்டனோ குறுக்கே வரக்கூடாது. சுருக்கும்போது அரசியலமைப்பு வரலாம். அவருடைய இரு தீர்ப்புகளிலும் நான் காண்பது இதைத்தான். ராபர்ட்ஸின் கவலையை நான் ஒதுக்கிவிடவும் இல்லை. வாக்களித்து மாற்றிய மாநிலங்களும் இருந்தன, அந்த விவாதம் பாதியில் நின்றது. ஆனால் ஆர்தர் 2013 அக்டோபரிலேயே இறந்துவிட்டார். அடுத்த தேர்தல் வரை காத்திரு என்று அவரிடம் யார் சொல்லியிருக்க முடியும்?

2022இல் கருக்கலைப்பு உரிமைத் தீர்ப்பு கவிழ்ந்தபோது, ஓபர்கஃபெல் தீர்ப்பையும் மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்று நீதிபதி தாமஸ் எழுதினார். அந்த டிசம்பரில் நாடாளுமன்றம் 1996ஆம் ஆண்டுச் சட்டத்தை ஒழித்துப் புதிய சட்டம் இயற்றியது. அதைக் கவனமாகப் படியுங்கள். எந்த மாநிலமும் தன்பாலினத் திருமணத்தை நடத்திவைத்தாக வேண்டும் என்று அதில் இல்லை. வேறு மாநிலத்தில் சட்டப்படி நடந்ததை ஏற்க வேண்டும் என்று மட்டுமே இருக்கிறது. பழைய தடைகள் பல மாநிலங்களின் ஏடுகளில் இன்னும் நீக்கப்படாமல் கிடக்கின்றன. 2015 தீர்ப்பு கவிழ்ந்தால் அவை உயிர்பெறும். அங்குள்ள இணைகள் வேறு மாநிலத்துக்குப் பயணம் போய் மணந்து திரும்ப வேண்டியிருக்கும். திரும்பியதும் சொந்த மாநிலம் அந்தத் திருமணத்தை ஏற்றுக்கொண்டாக வேண்டியிருக்கும்.