ஒரே பெட்ரோல், இரண்டு கார்கள்

நேயர்களுக்கு வணக்கம். பழைய ஸ்போர்ட்ஸ் கூபே (இரண்டு கதவுக் கார்), புதிய சொகுசு செடான் என்றதும் எது வேகம் என்றுதான் முதலில் கேட்பார்கள். அதற்குச் சட்டென்று பதில் சொல்லிவிடலாம். 1965-ல் வந்த எம்ஜிபி ஜிடி கூபேயில் 1,798 சிசி இன்ஜின், 95 குதிரைத்திறன். 2017-ல் வந்த பிஎம்டபிள்யூ 530ஐ செடானில் 1,998 சிசி டர்போ இன்ஜின், 252 குதிரைத்திறன். செடான் ஒரு வகையில் நம்ம ஊர் வண்டி. சிங்கப்பெருமாள்கோயில் பக்கத்து ஆலையில் பாகங்கள் பூட்டப்பட்டு வெளியே வந்தது.

சென்னையில் கேட்க வேண்டியது வேறு: மே மாத வெயிலையும் ஐப்பசி மழையையும் எது எப்படித் தாங்கும்?

கூபேயின் சங்கடம் அதன் அமைப்பிலேயே இருக்கிறது. பெட்ரோலைக் காற்றோடு கலந்து இன்ஜினுக்குத் தரும் இரண்டு எஸ்யூ கார்புரேட்டர்களும், புகை வெளியேறும் சூடான குழாயான எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்கு நேர் மேலே உட்கார்ந்திருக்கின்றன. கத்திப்பாரா நெரிசலில் நின்றால் கார்புரேட்டரில் பெட்ரோல் தேங்கும் ஃப்ளோட் அறையிலேயே அது கொதிக்கும். அணைத்துவிட்டால் உடனே கிளம்பாது. அப்போது, குளிர்ந்த இன்ஜினுக்குப் பெட்ரோலைக் கூட்டித் தரும் சோக்கை இழுக்காதீர்கள். ஆக்சிலரேட்டர் பெடலைப் பாதி மிதித்தபடி ஸ்டார்ட் செய்யுங்கள். கார்புரேட்டருக்கும் மேனிஃபோல்டுக்கும் நடுவிலுள்ள வெப்பத் தடுப்புத் தகடு இல்லாத வண்டியில் முதல் செலவு அதுவாகவே இருக்கட்டும்.

இப்போது பங்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். செடானில் ஆக்சிஜன் சென்சார் அதைக் கவனித்து எரிபொருளைக் கூட்டிக்கொள்ளும். கூபேயில் அந்த வேலையைக் கைதான் செய்யவேண்டும், இல்லாவிட்டால் கலவை மெலிந்து, அதாவது காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் இல்லாமல், இன்ஜின் சூடாகும். இன்ஜின் நன்றாகச் சூடானபின் ஏர் ஃபில்டர்களைக் கழற்றுங்கள். ஒரு ரப்பர் குழாயைக் காதில் வைத்து, இரண்டு கார்புரேட்டரிலும் காற்றின் சீறல் ஒரே அளவாகும்வரை ஐடிலிங் திருகுகளைத் திருப்புங்கள். பிறகு கார்புரேட்டருக்குள் இருக்கும் பிஸ்டனை ஒரு மில்லிமீட்டருக்குள் தூக்கிப் பாருங்கள். இன்ஜின் துடிப்பு தளர்ந்தால் கலவை மெலிவு. கார்புரேட்டரின் அடியிலுள்ள அறுமுக நட்டை ஒரு முகம் கீழே இறக்குங்கள். துடிப்பு ஏறி அப்படியே நீடித்தால் கலவையில் பெட்ரோல் அதிகம். நட்டை மேலே ஏற்றுங்கள். லேசாக ஏறி உடனே பழைய நிலைக்கு வந்தால் சரியாக இருக்கிறது. பழைய ரப்பர் குழாய்களை எத்தனால் ஊறவைத்து விரிசல் விடச் செய்யும். அவற்றை எத்தனால் தாங்கும் குழாய்களாக மாற்றாமல் ஓட்டுவது தீ ஆபத்து.

இந்த வேலைகளுக்கு ஸ்பானரும் காதும் போதும். கூபேயின் மேல் எனக்குள்ள மதிப்பு அதனால்தான்.

செடான் வெயிலுக்கு அசராது. மழைதான் அதற்குப் பரீட்சை. வேளச்சேரியிலோ பள்ளிக்கரணையிலோ தேங்கிய தண்ணீரில் இன்ஜின் நின்றுவிட்டால், தயவுசெய்து மறுபடி ஸ்டார்ட் செய்யாதீர்கள். தண்ணீர் அமுங்காது, சிலிண்டருக்குள் புகுந்திருந்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். தட்டு லாரியில் ஏற்றுங்கள். பேட்டரி மாற்றினால் அதைக் கண்டறி கருவி மூலம் வண்டியில் பதிய வேண்டும். இல்லாவிட்டால் பழைய பேட்டரி என்றே எண்ணிச் சார்ஜ் ஏற்றும், ஆயுள் குறையும். ரன்-ஃப்ளாட் டயர் பஞ்சரானால் 80 கிலோமீட்டர் வேகத்துக்குள் சுமார் 80 கிலோமீட்டர் தூரம் போகலாம், அவ்வளவுதான்.

கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம் நின்ற கூபேயை வாங்குபவர்கள் கதவுக்குக் கீழுள்ள சில் பகுதியில் ஒரு சிறு காந்தத்தை ஓட்டிப் பாருங்கள். ஒட்டாத இடத்தில் பட்டி பூசியிருக்கும். வண்டியின் உறுதியே அந்தப் பெட்டித் தகட்டில்தான் இருக்கிறது. அதைக் கீழிருந்து டார்ச் அடித்துப் பார்த்தபிறகே விலை பேசுங்கள்.