கண்ணாடிமேல் ஊற்றிய நிறம்: செட்டிநாட்டில் படைப்புச் சுற்றுலா

[காட்சி: செட்டிநாட்டு ஊரான ஆத்தங்குடியில், தரையில் பதிக்கும் பூக்கல் செய்யும் ஒரு பட்டறை. தரையில் அமர்ந்திருப்பவரின் கைகள் மட்டும் தெரிகின்றன.]

சதுரமாக வெட்டிய கண்ணாடித் துண்டின்மேல் இரும்புச் சட்டம் ஒன்று வைக்கப்படுகிறது. சட்டத்துக்குள், பூவும் கொடியுமாக வளைத்த உலோக அச்சு இறங்குகிறது. சிமென்ட்டோடு நிறப்பொடி சேர்த்து, தோசை மாவைவிடச் சற்று இளக்கமாகக் கரைத்த குழம்பைக் கரண்டியால் அள்ளி, இதழுக்குச் சிவப்பு, இலைக்குப் பச்சை, வெளிக்கு மஞ்சள் என்று அச்சின் அறைகளை அவர் ஒவ்வொன்றாக நிரப்புகிறார். அச்சைத் தூக்கினால் நிறங்கள் ஒன்றோடொன்று கலந்துவிடும் என்று பார்ப்பவருக்குத் தோன்றும். ஆனால் அவர் கையில் அவை கலப்பதில்லை. அதன்மேல் உலர்ந்த மணல் சிமென்ட் கலவையைத் தூவி ஈரத்தை உறிஞ்சவிட்டு, பிறகு ஈரக் கலவையை இட்டு, கரணையால் அழுத்தி மட்டம் செய்கிறார். இதற்குச் சூளையும் வேண்டியதில்லை, மின்சாரமும் வேண்டியதில்லை. கண்ணாடியோடு ஒட்டியிருக்கும் பக்கமே பின்னர் தரையின் மேற்பக்கமாகும். ஆத்தங்குடிக் கல்லின் வழவழப்பு அந்தக் கண்ணாடி தந்தது.

[காட்சி: அதே பட்டறை. கரண்டி இன்னொரு கைக்கு மாறுகிறது.]

இப்போது வெளியூரிலிருந்து வந்த ஒருவர் பக்கத்தில் அமர்ந்து, அதே கரண்டியை வாங்கித் தாமும் ஓர் இதழை நிரப்பிப் பார்க்கிறார். சிவப்பு வரம்பு தாண்டி மஞ்சளுக்குள் வழிகிறது. பட்டறைக்காரர் சிரித்துவிட்டு, கரண்டியை எந்தச் சாய்வில் பிடிக்க வேண்டும் என்று காட்டிக்கொடுக்கிறார். இந்தப் பத்து நிமிடத்துக்கு ஆய்வாளர்கள் வைத்திருக்கும் பெயர் 'படைப்புச் சுற்றுலா'. இந்தப் பத்து நிமிடம் ஒரு சிற்றூரின் பொருளாதாரத்துக்கு எப்போது உதவும், எப்போது உதவாது என்பதையே இந்தக் காணொளியில் பார்க்கப்போகிறோம்.

பெயர் வந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1990களின் பிற்பகுதியில் யூரோடெக்ஸ் என்ற திட்டம் ஐரோப்பாவின் ஓரப் பகுதிகளில் நடந்தது. பின்லாந்து, கிரேக்கத்தின் கிரீட் தீவு, போர்ச்சுகலின் வடக்கிலுள்ள ஆல்ட்டோ மின்யோ ஆகிய இடங்களில் துணி நெய்பவர்களுக்கும் பூவேலை செய்பவர்களுக்கும் சுற்றுலாவின் வழியாக விற்பனையைப் பெருக்க முடியுமா என்பதே அதன் கேள்வி. மலிவான இறக்குமதிச் சரக்கோடு கைவேலை விலையில் போட்டியிட முடியாது. ஆனால் ஒரு துணி உருவாவதை அருகில் இருந்து பார்த்தவருக்கும், தறியில் கைவைத்துப் பார்த்தவருக்கும், அதன் விலை அதிகமாகத் தோன்றுவதில்லை என்பது அங்கே தெளிவாயிற்று. இந்த அனுபவத்தின் தொடர்ச்சியாக கிரெக் ரிச்சர்ட்ஸ், கிறிஸ்பின் ரேமண்ட் என்னும் இருவர் 2000ஆம் ஆண்டில் படைப்புச் சுற்றுலாவுக்கு ஒரு வரையறை எழுதினார்கள். பயணி போன ஊருக்கே உரிய ஒரு கலையையோ தொழிலையோ பயிற்சியின் வழியே தானும் செய்து பார்த்து, தன் படைப்புத் திறனை வளர்த்துக்கொள்ளும் சுற்றுலா என்பது அதன் சாரம். பின்னர் 2016இல் போர்ச்சுகல் இதைச் சிற்றூர் வளர்ச்சிக்கான வழியாகவே எடுத்துக்கொண்டு, பெருநகரங்களுக்கு வெளியே 40 முன்னோடி முயற்சிகளைப் பல்கலைக்கழக ஆய்வாளர்களோடு இணைத்து நடத்திப் பார்த்தது.

இந்தக் கருத்து பிறந்தது பயணிகளை மகிழ்விக்க அன்று. விற்காமல் கிடந்த கைவேலையை விற்க வழி தேடியபோது அது பிறந்தது. இதை நினைவில் வைத்துக்கொண்டு செட்டிநாட்டுக்குத் திரும்புவோம்.

[காட்சி: கானாடுகாத்தான் தெரு. நீண்ட மதில்கள், பூட்டிய முகப்புகள்.]

சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் பரவிக் கிடக்கும் எழுபதுக்கும் மேற்பட்ட ஊர்களின் தொகுதியைச் செட்டிநாடு என்கிறோம். பர்மா, இலங்கை, மலேயா, வியட்நாம் என்று கொண்டுவிக்க, அதாவது கடல்கடந்து வணிகம் செய்யச் சென்ற நகரத்தார் என்னும் செட்டியார் சமூகத்தினர், அங்கே ஈட்டிய பணத்தைப் பர்மாத் தேக்காகவும் இத்தாலியப் பளிங்காகவும் கொண்டுவந்து இந்த வீடுகளில் இறக்கினார்கள். இரண்டாம் உலகப் போரோடும் அதைத் தொடர்ந்த அரசியல் மாற்றங்களோடும் அந்த வணிகம் சரிந்தது. பிள்ளைகள் சென்னைக்கும் வெளிநாட்டுக்கும் போனார்கள். வீடு பல பங்காளிகளின் பொதுச்சொத்தாக நின்றது. சில வீடுகள் கல்யாணத்துக்கும் படையலுக்கும் மட்டும் திறந்தன. சில இடிக்கப்பட்டு, அவற்றின் தூண்களும் கதவுகளும் கண்ணாடிகளும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளில் விலைக்கு வந்தன. 2014இல் செட்டிநாட்டு ஊர்களின் தொகுதி யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் இடம்பெற்றது. அதற்கு முன்பே சில வீடுகள் தங்கும் விடுதிகளாக மாறத் தொடங்கியிருந்தன.

விடுதிகளால் வீடுகள் பிழைத்தன என்பதில் ஐயமில்லை. கூரை ஒழுகாமல் பார்த்துக்கொள்ள வருமானம் வேண்டும். பல கட்டுகள் கொண்ட ஒரு வீட்டைப் பராமரிப்பது எந்தத் தனிக் குடும்பத்துக்கும் எளிதன்று. ஆனால் ஒரு பயணியின் பணம் போகும் வழியைத் தொடர்ந்து பாருங்கள். மதுரையிலோ திருச்சியிலோ இறங்கி, ஏறத்தாழ 90 கிலோமீட்டர் வாடகைக் காரில் வருகிறார். விடுதியில் ஓர் இரவு தங்கி, இரண்டு வேளை சாப்பிட்டு, இரண்டு வீடுகளைச் சுற்றிப் பார்த்துவிட்டு, மறுநாள் தஞ்சாவூருக்கோ மதுரைக்கோ கிளம்பிவிடுகிறார். அறை வாடகை விடுதிக்கும், கார் வாடகை வேற்றூர்க்காரருக்கும் போகின்றன. விடுதியில் வேலை பார்க்கும் உள்ளூர்க்காரர்களுக்குச் சம்பளம் வருகிறது. அது சிறிய விஷயம் அன்று. இருந்தாலும் அந்த வீட்டுத் தரையின் கல்லை வார்த்தவர், கதவைச் செதுக்கியவர், அங்கே உடுத்திய கண்டாங்கிச் சேலையை நெய்தவர் ஆகியோரின் வழிவந்தவர்களுக்கு இந்தப் பயணத்தில் ஒரு பைசாவும் போய்ச் சேராமல் இருக்கலாம். செட்டிநாட்டு மரபு என்று நாம் ஒரே பெயரில் சொல்வது பல சமூகங்களின் கைகள் சேர்ந்து செய்த வேலை. மாளிகையைப் பார்க்கும் சுற்றுலா அந்த வேலையின் பலனை மட்டும் காட்டுகிறது. பட்டறைக்குள் உட்கார வைக்கும் சுற்றுலா, வேலை செய்கிறவரிடம் நேராகப் பணத்தைக் கொண்டுசேர்க்கும் வாய்ப்பைத் திறக்கிறது.

வாய்ப்பு என்றுதான் சொன்னேன். அது தானாக நடந்துவிடுவதில்லை.

[காட்சி: பனை ஓலைக் குருத்துகள் நிழலில் காய்கின்றன. சாயம் தோய்த்த ஓலைக் கட்டுகள்.]

கொட்டானை எடுத்துக்கொள்வோம். பனை ஓலையில் முடைந்து, மேலே துணியும் மணியும் பூவேலையும் சேர்த்த இந்தச் சிறு கூடைகளை நகரத்தார் வீட்டுப் பெண்களான ஆச்சிமார் தங்கள் வீட்டுத் தேவைக்காகத் தாங்களே முடைந்தார்கள். சீரும் பலகாரமும் கொட்டானில்தான் போகும். வீடுகள் காலியானதும் பிளாஸ்டிக் கூடை வந்ததும் முடைகிறவர்கள் அருகிப்போனார்கள். இந்நிலையில் விசாலாட்சி இராமசாமி தொடங்கிய எம்.ஆர்.எம்.ஆர்.எம். பண்பாட்டு அறக்கட்டளை, கலையறிந்த முதியவர்களிடமிருந்து பழைய வடிவங்களைத் திரட்டி, செட்டிநாட்டுச் சிற்றூர்ப் பெண்களுக்குக் கற்பித்து, கொட்டானை விற்பனைப் பொருளாக்கியது. இன்று செட்டிநாட்டுக் கொட்டானுக்குப் புவிசார் குறியீடும் இருக்கிறது.

கொட்டானை மீட்டது சுற்றுலா அன்று. திருமணத் தாம்பூலத்துக்கும் பரிசுக்கும் வாங்கும் நகர வாடிக்கையாளரின் தேவையே அதை மீட்டது. பூக்கல்லின் நிலையும் அப்படித்தான். ஆத்தங்குடிப் பட்டறைகள் பயணிகளை நம்பி நடக்கவில்லை. புது வீடு கட்டுகிறவர்களின் ஆர்டரை நம்பி நடக்கின்றன. வளர்ச்சித் திட்டம் எழுதுகிறவர்கள் பலர் இந்த வரிசையைத் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள் என்பது என் கருத்து. நொடித்துப்போன ஒரு தொழிலைச் சுற்றுலா வந்து தூக்கி நிறுத்தும் என்று எதிர்பார்த்து, ஊருக்கு ஒரு கைவினைக் கூடம் கட்டி, திறப்பு விழா நடத்திப் பூட்டிவைக்கிறார்கள். தனக்கென்று ஒரு சந்தை உள்ள தொழில்தான் பயணியைச் சரிசமமாக உட்கார வைத்துச் சொல்லிக்கொடுக்க முடியும். வேறு வருமானமே இல்லாத கைவினைஞர் பயணிக்காக வேலை செய்வதுபோல் காட்டத் தொடங்கிவிடுவார். மூன்றாம் ஆண்டில் அங்கே தொழில் இருக்காது, நடிப்பு மட்டும் இருக்கும்.

அப்படியானால் பயணியால் பட்டறைக்கு என்ன பயன்? இரண்டு பயன்கள் உண்டு. பயிற்சிக்குத் தனிக் கட்டணம் என்பது முதலாவது. இப்போது பல இடங்களில் பார்வையிடுவது இலவசம். பயணி பார்த்துவிட்டு ஏதாவது வாங்குவார் என்ற எதிர்பார்ப்பில் பட்டறைக்காரர் அரைமணி நேரம் செலவிடுகிறார். ஒரு கல் பல கிலோ எடை இல்லாவிட்டாலும், விமானத்தில் போகிறவர் அதை எத்தனை வாங்கிவிட முடியும்? ஆகவே விற்பனை நடப்பதில்லை, வேலையும் கெடுகிறது. கற்றுக்கொடுக்கும் நேரத்துக்கு விலை வைத்து, அந்த விலையை விடுதியோ வழிகாட்டியோ அல்லாமல் பட்டறையே முடிவுசெய்தால், பார்வையாளர் இடைஞ்சலாக இருப்பது நின்று வருமானமாகிறார். இரண்டாவது பயன் மெதுவாக வருவது. யூரோடெக்ஸில் தெரியவந்ததைப் போல, கையை அழுக்காக்கிக்கொண்டு ஓர் இதழை நிரப்பிப் பார்த்தவர் ஊருக்குப் போய் வீடு கட்டும்போது, அச்சடித்த பீங்கான் ஓட்டுக்கும் வார்த்த கல்லுக்கும் உள்ள வேறுபாட்டை அறிந்து ஆர்டர் கொடுப்பார். பட்டறைக்கு அவர் தருவது ஒரு நாள் கட்டணத்தைவிட அந்த ஆர்டராகவே இருக்கக்கூடும்.

[காட்சி: காரைக்குடியில் ஒரு கைத்தறி. அரக்கும் மஞ்சளுமாகப் பெரிய கட்டம் ஓடும் சேலை.]

எல்லாத் தொழிலையும் இப்படிப் பயணிக்குக் கற்பிக்க முடியாது என்பதையும் சொல்ல வேண்டும். பூக்கல்லில் ஒரு முழு வேலை பத்து நிமிடத்தில் அடங்குகிறது. தவறு நேர்ந்தால் ஒரு கரண்டிக் குழம்புதான் நட்டம். கொட்டானில் சிறியதொன்றின் அடியைப் பின்னப் பழக ஒரு காலைப்பொழுது வேண்டும். பலகாரம் இதற்கு மிகவும் ஏற்றது: சீப்புச் சீடையைச் சீப்பின் பல்லில் உருட்டி எடுப்பதும், மணகோலம் பிழிவதும் கைப்பழக்கம் சார்ந்தவை, செய்ததை அங்கேயே தின்றுவிடலாம். சமையல் பயிற்சியைச் சில விடுதிகள் ஏற்கெனவே தருகின்றன. 2019இல் புவிசார் குறியீடு பெற்ற கண்டாங்கியோ வேறு வகை. பாவு ஓட்டிய தறியில் தெரியாத கை ஒன்று நாடாவை, அதாவது குறுக்கிழையைக் கொண்டுசெல்லும் ஓடத்தை எறிந்தால் இழை அறுந்து நெசவாளியின் ஒரு நாள் உழைப்பு போய்விடும். அங்கே பயணிக்கென்று சிறு தறி ஒன்றைத் தனியாக வைக்க வேண்டும்; அல்லது நெசவாளியைத் தொந்தரவு செய்யாமல் சேலையை வாங்கிக்கொண்டு வருவதே அவருக்குச் செய்யும் நன்மை. சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்துப் பளிங்குபோல் மெருகேற்றும் சுவர்ப்பூச்சு இன்னும் வேறு. அதைச் சுற்றுலாப் பயணிக்கு ஒரு மணி நேரத்தில் காட்டுவதில் பொருளில்லை. கட்டடக் கலை மாணவர்கள் மாதக்கணக்கில் தங்கிக் கற்க வேண்டியது அது. அவர்கள் வந்தால் ஊரில் வாடகைக்கு வீடு எடுப்பார்கள், மெஸ்ஸில் சாப்பிடுவார்கள், சைக்கிள் வாங்குவார்கள். எண்ணிக்கையில் குறைவான இத்தகையவர்கள் ஊருக்கு விட்டுச்செல்லும் பணம், ஒரு பேருந்து நிறைய வந்து படமெடுத்துப் போகிறவர்கள் விட்டுச்செல்வதைவிடக் கூடுதலாக இருக்கலாம்.

தங்கும் காலம் என்பதுதான் இந்தப் பொருளாதாரத்தின் அச்சாணி. நியூசிலாந்தின் நெல்சன் நகரில் கிறிஸ்பின் ரேமண்ட் 2003இல் எலும்புச் செதுக்கல், அந்நாட்டுப் பழங்குடியினரான மாவோரிகளின் நார்ப் பின்னல் போன்ற பயிற்சிகளை ஒன்றிணைத்தபோது, பயிற்சியாளர்கள் தத்தம் பட்டறையிலேயே சிறு குழுக்களுக்குக் கற்பிக்கும் முறையைப் பின்பற்றினார். செட்டிநாட்டிலும் புதிய கட்டடம் எதுவும் தேவைப்படாது. ஆத்தங்குடி, காரைக்குடி, கானாடுகாத்தான் மூன்றும் ஒன்றுக்கொன்று ஆட்டோவில் போய்வரும் தொலைவில் இருக்கின்றன. ஒரு நாள் கல், மறுநாள் கொட்டான், மூன்றாம் நாள் பலகாரம் என்று அடுக்க முடிந்தால், ஓர் இரவு மூன்று இரவாகும். ஆனால் எந்தப் பட்டறை எந்நாளில் ஆளெடுக்கும், எத்தனை பேரை எடுக்கும், தமிழ் தெரியாதவருக்கு யார் பேசுவது என்பதையெல்லாம் ஒருங்கிணைக்க யாராவது வேண்டும். அந்த ஆள் விடுதிக்காரராக மட்டும் இருந்தால் விலை அவர் கையில் போய்விடும். கற்பிக்கிறவர்களே சேர்ந்த ஒரு சங்கமோ, மகளிர் சுய உதவிக் குழுவோ அதைச் செய்தால் கணக்கு வேறாகும். குளிர்ந்த மாதங்களில் மட்டும் பயணிகள் வரும் ஊர் இது என்பதால், சித்திரை வெயிலில் வருமானம் வற்றும் என்பதையும் அவர்கள் கணக்கில் வைத்தாக வேண்டும். தொழில் அப்போதும் நடக்கும் என்பதே அவர்களுக்குள்ள பலம்.

[காட்சி: தண்ணீர்த் தொட்டி. அதற்குள் வரிசையாக நிறுத்திய கற்கள்.]

கடைசியாக ஒரு நடைமுறைச் சிக்கல். காலையில் பயணி வார்த்த கல்லை மாலையில் கையில் கொடுத்துவிட முடியாது. அது ஒரு நாள் காய்ந்து, பிறகு இறுகுவதற்காகத் தொட்டித் தண்ணீரில் பல நாள்கள் கிடந்து, மறுபடி உலர்ந்த பிறகே கண்ணாடியிலிருந்து பிரிந்த அதன் முகம் முழு நிறத்தோடு தெளியும். மறுநாளே மதுரைக்குக் கிளம்புகிறவர் தாம் செய்த கல்லைப் பார்க்காமலே போகிறார். பட்டறை ஒரு நோட்டை வைத்து, முகவரி எழுதி வாங்கி, வைக்கோலில் பொதிந்து பார்சலில் அனுப்பலாம். அதற்கும் ஒரு கட்டணம் வைக்கலாம். அவசரப்படாதவர் மூன்று நாளைப் பத்து நாளாக்கி, அந்தக் கல் தண்ணீரிலிருந்து வெளியே வரும் காலையில் பட்டறைக்கே வந்து நிற்கலாம். சிவப்பு எங்கே மஞ்சளுக்குள் வழிந்தது என்பது அப்போது அவருக்குத் துல்லியமாகத் தெரியும்.