ஆள் இல்லாத பாறைக்கு இரண்டு நாடுகள் ஏன் வழக்காடின?

வணக்கம். மலேசியாவின் ஜொகூர் பாருவில் இருந்து ஒரு நேயர் கேட்டிருக்கிறார்: "பத்து பூத்தே எங்கள் கரைக்குத்தான் பக்கம். பழைய வரலாற்றைப் பார்த்தாலும் ஜொகூர் சுல்தானுடையது. பிறகு எப்படி அது சிங்கப்பூருக்குப் போனது? அதுவும், யாருமே குடியிருக்காத ஒரு பாறைக்கு இவ்வளவு பெரிய வழக்கு எதற்கு?"

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். சிங்கப்பூர் நீரிணையின் கிழக்கு வாசலில் இருக்கிற பாறை இது. நீளம் 137 மீட்டர், அகலம் சராசரியாக 60 மீட்டர். கடல் வற்றும்போது அளந்தாலும் இரண்டு ஏக்கர் சொச்சம்தான். மலேசியாவில் புலாவ் பத்து பூத்தே என்பார்கள், சிங்கப்பூரில் போர்ச்சுகீசியப் பெயரான பெத்ரா பிராங்கா. இரண்டுக்கும் பொருள் வெள்ளைக்கல் என்பதுதான். கடற்பறவைகளின் எச்சம் படிந்து படிந்து வெளுத்த பாறை.

இரண்டு ஏக்கருக்கு ஏன் சண்டை என்றால், கேட்பது பாறையை மட்டும் இல்லை. கடல் சட்டப்படி இந்த மாதிரிப் பாறைக்கும் சுற்றிலும் 12 கடல் மைல் வரை எல்லைக் கடல் கேட்கலாம். உலகத்தின் சரக்குக் கப்பல்கள் வரிசையாகப் போகிற வழி அது. அங்கே ரோந்து போவது யார், மீன் பிடிப்பது யார் என்பதெல்லாம் இந்தப் பாறையைப் பிடித்துத்தான் தீர்மானமாகும்.

சரி, வரலாற்றுக்கு வருவோம். நேயர் சொன்னது சரிதான். அந்தக் கடலில் ஓராங் லாவுட் என்ற கடலோடி மக்கள் காலங்காலமாகப் படகிலேயே வாழ்ந்தார்கள். அவர்கள் ஜொகூர் சுல்தானின் குடிகள். அதையும் வைத்துத்தான், ஆரம்பத்தில் இந்தப் பாறை ஜொகூருடையது என்று சர்வதேச நீதிமன்றமே ஒப்புக்கொண்டது. பலருக்கு இது தெரிவதில்லை. மலேசியா பழைய உரிமையை நிரூபிக்க முடியாமல் தோற்கவில்லை. அதை நிரூபித்த பிறகும் தோற்றது.

அப்படியானால் நடுவில் என்ன நடந்தது? 1851-இல் ஆங்கிலேயர்கள் அங்கே ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கத்தைக் கட்டி முடித்தார்கள். கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கடல் வரைபடங்கள் தயாரித்த ஜேம்ஸ் ஹார்ஸ்பர்க்கின் நினைவாக வைத்த பெயர் அது. விளக்கைக் கட்டியதால் பாறை கைமாறிவிட்டது என்று நீதிமன்றம் சொல்லவில்லை. அடுத்தவர் நிலத்திலும் விளக்கு கட்டி நடத்தலாம்.

திருப்பம் 1953-இல் வருகிறது. சிங்கப்பூர் காலனி அரசு தன் கடல் எல்லையை முடிவு செய்ய வேண்டியிருந்தது. இந்தப் பாறை யாருடையது என்று விளக்கம் கேட்டு ஜூன் மாதம் ஜொகூருக்கு ஒரு கடிதம் போனது. செப்டம்பர் 21 அன்று ஜொகூரின் தற்காலிக அரசுச் செயலாளர் பதில் எழுதினார்: பெத்ரா பிராங்காவின் உடைமையை ஜொகூர் அரசு கோரவில்லை. அவ்வளவுதான், ஒரு வரி. அப்படி எழுத அவருக்கு அதிகாரமே இல்லை என்று மலேசியா பிறகு வாதாடியது. நீதிமன்றம் ஏற்கவில்லை.

கடிதத்தோடு முடிந்திருந்தால்கூட வேறு மாதிரி ஆகியிருக்கலாம். அதற்குப் பிறகு இருந்த மௌனம்தான் வழக்கைச் சாய்த்தது என்பது என் கருத்து. அந்தப் பக்கம் கப்பல் விபத்து நடந்தால் சிங்கப்பூர் விசாரித்தது. 1978-இல் மலேசிய நில அளவை அதிகாரிகள் அங்கே போனபோது, முன் அனுமதி வாங்க வேண்டும் என்றது. 1962 முதல் 1975 வரை மலேசியா வெளியிட்ட வரைபடங்கள் சிலவற்றிலேயே பாறையின் பெயருக்குக் கீழே 'சிங்கப்பூர்' என்று அச்சாகியிருந்தது.

எனக்கு மறக்க முடியாத சான்று ஒன்று உண்டு. புலாவ் பீசாங் என்று இன்னொரு தீவு. அது மலேசியாவுடையது, அங்கே விளக்கை நடத்துவது மட்டும் சிங்கப்பூர். 1968-இல் அந்தத் தீவில் பறந்த சிங்கப்பூர்க் கொடியை இறக்கச் சொன்னது மலேசியா. கொடி இறங்கியது. அதே கொடி பத்து பூத்தேயிலும் பறந்துகொண்டிருந்தது, அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. உன்னுடையது என்றால் அங்கே கேட்ட நீ இங்கே ஏன் கேட்கவில்லை? இதற்கு என்ன பதில் சொல்ல முடியும்?

1979 டிசம்பரில் மலேசியா புது வரைபடம் வெளியிட்டு, பாறை தன் எல்லைக்குள் என்று காட்டியது. 1980 பிப்ரவரியில் சிங்கப்பூர் எதிர்ப்புத் தெரிவித்தது. அதற்குள் உரிமை கைமாறிவிட்டது என்று 2008 மே 23 அன்று தீர்ப்பு வந்தது, 12 நீதிபதிகள் ஒரு பக்கம், 4 பேர் மறுபக்கம்.

தூரத்தைப் பற்றியும் கேட்டீர்கள். ஜொகூரில் இருந்து 7.7 கடல் மைல், சிங்கப்பூரில் இருந்து 24. ஆனால் பக்கத்தில் இருப்பது மட்டும் உரிமை ஆகாது என்று 1928-லேயே நடுவர் மேக்ஸ் ஹூபர், அமெரிக்காவுக்கும் நெதர்லாந்துக்கும் இடையிலான பால்மாஸ் தீவு வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டார். பிலிப்பைன்ஸை ஒட்டி இருக்கிற தீவு அது, தீர்ப்பு நெதர்லாந்துக்குப் போனது. இன்று அது இந்தோனேசியாவில் இருக்கிறது.

இதே சட்டம் மலேசியாவுக்குக் கை கொடுத்ததும் உண்டு, அதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். சிப்பாடான், லிகித்தான் தீவுகளை இந்தோனேசியாவும் கேட்டது. 2002-இல் தீர்ப்பு மலேசியாவுக்கு. எதை வைத்து? ஆமை முட்டையை வைத்து! அந்தத் தீவுகளில் யார் ஆமை முட்டை எடுக்கலாம் என்று வடக்கு போர்னியோவில் இருந்த ஆங்கிலேய நிர்வாகம் விதி போட்டது, உரிமம் கொடுத்தது, தகராறு வந்தால் தீர்த்து வைத்தது. 1933-இல் சிப்பாடானைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. எதற்கும் எதிர்த்தரப்பிலிருந்து ஆட்சேபம் வரவில்லை.

இதில் என் மனதை உறுத்துவது ஒன்றுதான். அந்தக் கடலில் உண்மையாகவே பிழைத்த ஓராங் லாவுட் மக்கள் வழக்கில் சான்றாக மட்டும் வந்தார்கள். உனக்கு எது வேண்டும் என்று அவர்களை யாரும் கேட்கவில்லை.

விஷயம் முடிந்துவிட்டதா என்றால், இல்லை. 2017-இல் மலேசியா மறுசீராய்வு கேட்டது, 2018 மே மாதம் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. பாறைக்குத் தெற்கே ஒரு கிலோமீட்டர் சொச்சத்தில் இருக்கிற மிடில் ராக்ஸ் அதே தீர்ப்பில் மலேசியாவுக்குக் கிடைத்தது. இன்னும் கொஞ்சம் தள்ளி சவுத் லெட்ஜ், கடல் வற்றும்போது மட்டும் தலைகாட்டுகிற திட்டு. அது எந்த நாட்டின் எல்லைக் கடலில் இருக்கிறதோ அந்த நாட்டுக்குச் சொந்தம் என்றார்கள். ஆனால் அங்கே எல்லைக் கோடு எங்கே போகிறது என்று இரண்டு நாடுகளும் இன்னும் வரைந்து முடிக்கவில்லை.